இதற்கு என்ன பெயர்?

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பத்திரிகையைப் பிரித்துக் கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர். வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம் மெட்டைக் கடந்து மலைக்குப் போய், பொழுது சாய்ந்த பின் திரும்புகிறவர்கள் நமது பள்ளத்தாக்கில் ஆயிரக் கணக்கில் உண்டு; அவர்களில் ஒருவர். கிடைத்த ஒரு நாள் ஓய்வையும் விட்டுவிட்டு நம்மைத் தேடி வந்திருக்கிறார் என்றால் விஷயம் சாமான்யமானது அல்ல என்று ஊகித்துக் கொண்டோம்.

"வாத்தியாரய்யா, நீங்கதான் அவனுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தீக. நீங்க சொன்னாத்தான் கேப்பான். எங்க ஆத்தா செத்து இன்னும் வருசம் திரும்பல. அவ அழுத அழுகைய வச்சுக் கொட்டடிச்சு, ஆட்டப் பாட்டு பண்ணிக்கிட்டு இருக்கான் இந்தப் பய. இத என்னன்னு கேக்க நாதி இல்லையா?"

"இந்தப் பய" என்று அவர் குறிப்பிட்டது தம்முடைய அண்ணன் மகனை. நமது பழைய மாணாக்கன். கணக்கில் சுமார், தமிழில் பரவாயில்லை, பெஞ்சில் தாளம் போடுவதில் மட்டும் வகுப்பில் முதல்வன். அதற்காக அவனை நாம் இரண்டொரு தடவை வகுப்புக்கு வெளியே நிறுத்தியதும் உண்டு. அந்த விரல்கள் இப்போது என்ன செய்கின்றன என்று பார்க்கும் ஆவல் நமக்கும் ஏற்பட்டது. மறுநாள் மாலை அவன் வீட்டுக்குப் போனோம்.

பதினாறு கட்டங்கள்

தகரக் கூரை போட்ட ஓர் அறை. ஒரு பழைய மடிக் கணினி. அதன் பக்கத்தில், வரிசைக்கு நான்காகப் பதினாறு கட்டங்கள் உள்ள ஒரு சிறு பலகை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வோர் ஒலியைப் பதித்து வைத்திருக்கிறான். ஒன்றைத் தட்டினால் உறுமி முனகுகிறது. இன்னொன்றைத் தட்டினால் தவிலின் வலந்தலை அதிர்கிறது. மூன்றாவதில் மேட்டுப்பாதையில் ஏறும் ஜீப்பின் இரைச்சல். வகுப்பில் பெஞ்சைத் தட்டிய அதே விரல்கள். நாம் அன்று அவனை வெளியே நிறுத்தியதற்குச் சற்று வெட்கப்பட்டோம்.

ஹிப் ஹாப் என்று இதைச் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளிக்கும் வாசகர்களுக்காக அதன் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் தேதி நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில், ஏழை ஜனங்கள் வாழ்ந்த ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்தில் ஒரு விருந்து நடந்தது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த கிளைவ் காம்ப்பெல் என்னும் இளைஞர் அதில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். 'கூல் ஹெர்க்' என்பது அவர் வைத்துக் கொண்ட பெயர். பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் ஜனங்கள் அதிக உற்சாகமாக ஆடுகிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஆகவே ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு கருவிகளில் வைத்து, ஒன்றில் தாளப் பகுதி முடிந்ததும் மற்றொன்றில் அதே பகுதியைத் தொடங்கி, சில விநாடிகளைப் பல நிமிஷங்களாக நீட்டினார். வாத்தியம் வாங்க வசதியில்லாதவர்கள், பிறர் வாசித்து வைத்ததையே வாத்தியமாக்கிக் கொண்ட கதை இது. அந்தத் தாளத்தின்மேல் சந்தமும் எதுகையுமாக வார்த்தைகளைக் கொட்டியவர்கள் பிற்காலத்தில் பிரசித்தி பெற்றார்கள். தாளத்தைக் கட்டிக் கொடுத்தவர் பெரும்பாலும் பின்னாலேயே நின்றார். அவருக்குப் 'புரொடியூசர்' என்று பெயர். சினிமாவில் பணம் போடுகிறவருக்கு அந்தப் பெயர். இங்கே பணம் இல்லாதவருக்கு!

நமது மாணாக்கனும் இது வரையில் தேனியிலும் மதுரையிலும் உள்ள இளைஞர்கள் பாடுவதற்குப் பின்னால் நின்று இசை கட்டிக் கொடுத்தவன்தான். இப்போது முதல் தடவையாக, யாருடைய பாட்டுக்கும் பின்னணியாக அல்லாமல், தனக்கென்று ஒரு தொகுப்பைச் செய்து கொண்டிருக்கிறான். ஒன்பது உருப்படிகள். அவற்றில் ஐந்தாவதுதான் வழக்குக்கு வந்தது.

அவனுடைய அப்பத்தா ஊரில் ஒப்பாரிக்குப் பேர் போனவர். இறப்பதற்கு முந்திய வருஷம், அவர் பாட்டைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக் கொள்ள வேண்டும் என்று இவன் கேட்டானாம். இழவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி வைக்கலாமா என்று கிழவி மறுத்துவிட்டார். பேரன் விடவில்லை. கடைசியில் அவர் எழுந்து, வீட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, வாய்க்கால் கரைக்குப் போய் உட்கார்ந்து, என்றோ இறந்துபோன கணவனை நினைத்துப் பாடினாராம். ஏழு நிமிஷம். அதிலிருந்து பாதி வரியை வெட்டியெடுத்து, உறுமியோடும் தவிலோடும் கோத்து, திரும்பத் திரும்ப வரும்படி செய்திருந்தான். காதில் மாட்டிக் கொண்டு கேட்டோம். நன்றாயிருக்கிறது என்று தோன்றியது. அதே சமயத்தில் அத்தையின் கோபமும் நியாயமானது என்று தோன்றியது.

"ஸார், அத்தை சொல்வதும் புரிகிறது. ஆனால் அப்பத்தா குரலைக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. இது பாட்டா, தாளமா, அழுகையா என்று கேட்கிறார்கள். இதற்கு என்ன பெயர் வைப்பது என்றும் தெரியவில்லை" என்றான்.

பெயர் தெரியவில்லை என்று அவன் சொன்னதும் நமக்குப் பழைய இசைத்தட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. அதைச் செய்தவரும் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்தான்.

மலையடிவாரத்து வீடு

போடியிலிருந்து உத்தமபாளையம் போகிற சாலையில், தேவாரத்தையும் கோம்பையையும் அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது பண்ணைப்புரம். 1895ஆம் ஆண்டில் பென்னிகுவிக் துரை பெரியாற்றின் குறுக்கே அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே தண்ணீரைத் திருப்பிய பிறகு, கூடலூர், கம்பம், சின்னமனூர் வயல்களெல்லாம் பச்சைப் பசேலென்று ஆயின. மேற்கே போக வேண்டிய தண்ணீரைக் கிழக்கே கொண்டு வந்து பயிர் செய்த ஊர்க்காரர்களுக்கு, மேற்கத்திய சங்கீதத்தைக் கொண்டு வந்து பயிர் செய்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது.

இளையராஜா 1943ஆம் ஆண்டு பண்ணைப்புரத்தில் பிறந்தார். செல்வமோ செல்வாக்கோ உள்ள குடும்பம் அல்ல. தமையனார் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் பாடியவர். 1958ல் மலைக்கு மேலே தேவிகுளத்தில் நடந்த இடைத் தேர்தலில், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே அவருடைய பாட்டு பிரசித்தம். இளையராஜா பதினான்கு பிராயத்திலேயே தமையனாரின் குழுவில் சேர்ந்து, ஹார்மோனியத்தைத் தூக்கிக் கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். அந்த மேடைகளில், ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டை எடுத்துக் கொண்டு, அன்றைய அரசியலுக்கு ஏற்ற புதிய வார்த்தைகளைப் போட்டுப் பாடுவது சர்வ சாதாரணம். ஆகவே தெரிந்த மெட்டின்மேல் தெரியாததைக் கட்டும் வித்தை அவருக்கு இளமையிலேயே பழக்கமானது.

1960களின் கடைசியில் சென்னைக்குப் போனார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய சங்கீதத்தை எழுத்தெண்ணிப் படித்தார். ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கித்தார்ப் பரீட்சையில் தங்கப் பதக்கம் பெற்றார். 1976ல் 'அன்னக்கிளி' வந்தது. அதற்குப் பிறகு நடந்தது தமிழ்நாடு அறிந்தது. பத்தே வருஷத்தில் முந்நூறு படங்களுக்கு மேல் இசை அமைத்தார். ஆயினும், அவ்வளவும் ஒரு கதைக்காக, ஒரு நடிகருக்காக, ஒரு காட்சிக்காகச் செய்த இசை. கதாநாயகி அழுதால் அழ வேண்டும். வில்லன் வந்தால் மிரட்ட வேண்டும். எதற்கும் பின்னால் நிற்காத இசையை அவர் செய்தது 1986ல்தான்.

பாக் வீட்டுக்கு வந்தார்

அந்தத் தொகுப்புக்கு அவர் இட்ட பெயர் 'ஹௌ டு நேம் இட்?' என்பது. 'இதற்கு எப்படிப் பெயரிடுவது?' என்று பொருள். பத்து உருப்படிகள். பாட்டு இல்லை. தந்தி வாத்தியங்களே பிரதானம். முக்கியமான வயலினை வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். தியாகராஜ ஸ்வாமிகளுக்கும், ஜெர்மனி தேசத்து ஸங்கீத மேதை யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் அதைக் காணிக்கையாக்கியிருந்தார். பாக் காலமானது 1750ல். தியாகராஜர் அவதரித்தது 1767ல். பூலோகத்தில் சந்திக்காத இருவரையும் இவர் தம் வீட்டுக் கூடத்தில் சந்திக்க வைத்தார். ஓர் உருப்படிக்கு 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்று பெயர். அடுத்ததற்கு 'நாங்கள் பேசிக் கொண்டிருந்தோம்' என்று பெயர். மற்றொன்றில் தியாகராஜருக்கு வரவேற்பு நடக்கிறது. 'ஒப்பிடாதே' என்றும் ஒன்று உண்டு. ஒப்பிடுகிறவர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்துதான் அந்தப் பெயரை வைத்தார் போலும்!

இரண்டு சங்கீதங்களையும் கலப்பது எளிதல்லவா என்று சிலர் நினைக்கலாம். எளிதல்ல. நமது சங்கீதம் ஒற்றை வரியாகச் செல்வது. அதன் ஜீவன் கமகத்தில் இருக்கிறது. ஒரு ஸ்வரம் தன் இடத்தில் சும்மா நிற்காது. அசையும், வழுக்கும், பக்கத்து ஸ்வரத்தை எட்டிப் பார்க்கும். மேற்கத்திய சங்கீதத்திலோ ஒரே சமயத்தில் பல ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அடுக்கி வைத்த பானைகளில் நடுப்பானை ஆடினால் என்ன ஆகும்? அதுதான் கஷ்டம். கமகத்தை நிறுத்தினால் ராகம் போய்விடும். கமகத்தை விட்டால் அடுக்கு சரிந்துவிடும்.

இதற்கு இளையராஜா கண்ட வழி என்ன? பாக்கை எடுத்துக் கொண்ட உருப்படியைக் கேட்டால் தெரியும். 1720ல் பாக் தனி வயலினுக்காக எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் முகப்புப் பகுதி அதற்கு அடிப்படை. ஓடுகிற வாய்க்கால் போல் இடைவிடாமல் ஓடுகிற சங்கீதம் அது. அதன் ஓட்டத்தைத் தடுக்காமல், அதன்மேல் நம் ஊர்க் கமகத்தோடு கூடிய ஒரு வயலின் வரியைப் படரவிட்டார். இரண்டும் தத்தம் வழியிலேயே போகின்றன. ஒன்றுக்காக மற்றொன்று தன் நடையை மாற்றிக் கொள்ளவில்லை. 'ஃபியூக்' என்னும் வகையில் அமைந்த உருப்படி ஒன்றும் உண்டு. ஃபியூக் என்பது ஓட்டப் பிடித்து விளையாட்டு. ஒரு குரல் சிறு பல்லவி ஒன்றைச் சொல்லும். அது முடியும்போது இரண்டாவது குரல் அதே பல்லவியை ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு மாற்றிச் சொல்லும். முதல் குரல் ஓய்ந்துவிடாமல் அதனுடன் வாதாடும். பிறகு மூன்றாவது வரும். நம் ஊர்க் குழாயடியில் இந்த சங்கீத வகை அன்றாடம் நடைபெறுகிறது. எழுதி வைப்பவர்தான் இல்லை.

இந்தத் தொகுப்பை நாம் முதன் முதலில் கேட்டது மதுரையில் கல்லூரியில் படித்த காலத்தில், ஒரு நண்பரின் ஒலிநாடாவில். உண்மையைச் சொன்னால் ஏமாற்றமே அடைந்தோம். எப்போது பாட்டு ஆரம்பிக்கும் என்று காத்திருந்து, முதல் பக்கம் முடிந்துவிட்டது. பிறகு பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தைப் பார்க்க நேர்ந்தது. 1988ல் வெளியான அந்தப் படத்தில் பாட்டே கிடையாது. இந்தத் தொகுப்பின் இசையையே அவர் அதற்கு எடுத்துக் கொண்டார். ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் சொந்தமாகச் சிறு வீடு ஒன்று கட்டப் படும் பாடுதான் கதை. தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதரின் முகத்தையும் இந்த வயலினையும் சேர்த்துக் கேட்ட பிறகுதான், நமக்குக் காது திறந்தது. எதற்கும் பின்னணியாக நிற்காமல் பிறந்த சங்கீதம், ஒரு படத்தில் சென்று உட்கார்ந்தபோது, இத்தனை நாளும் தனக்குள் எவ்வளவை வைத்திருந்தது என்று காட்டிவிட்டது.

கடன் வாங்காதவர் யார்?

"பாக் எழுதியதை எடுத்துக் கொண்டு அதன்மேல் கட்டுவது சரியா?" என்று கேட்பவர்கள் உண்டு. பாக்கையே கேட்டுப் பார்க்கலாம். விவால்டி என்னும் இத்தாலிய வித்வான் எழுதிய உருப்படிகளை எடுத்து, ஆர்கன் வாத்தியத்துக்கும் ஹார்ப்ஸிகார்டுக்கும் மாற்றி எழுதியவர் அவர். தமது மூன்றாவது பார்ட்டிட்டாவின் இதே முகப்பையே 1731ல் மறுபடி எடுத்து, ஆர்கனும் மற்ற வாத்தியங்களும் சேர்ந்து முழங்கும்படி மாதாகோவில் இசை ஒன்றில் வைத்தார். பிரெஞ்சு தேசத்து கூனோ, பாக்கின் வேறொரு பிரெலூடை அப்படியே ஓடவிட்டு, அதன்மேல் தாம் ஒரு மெட்டை அமைத்து 1853ல் வெளியிட்டார். மேல்நாட்டுத் திருமண வைபவங்களில் இன்றும் அதைக் கேட்கலாம்.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? வயலின் இல்லாத கர்நாடக சங்கீதக் கச்சேரியை நாம் கற்பனை செய்து பார்க்க முடியுமா? அதுவே கப்பலேறி வந்த வாத்தியம். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் முதலியோர் அதைக் கற்று, நமது சங்கீதத்துக்கு இசைய வளைத்தார்கள். இன்று அதை அந்நிய வாத்தியம் என்று யாராவது சொன்னால், சபையில் எழுந்து நின்று சண்டை போடுவோம்.

அமெரிக்காவில் 1996ல், ஹிப் ஹாப் இசை கட்டும் ஜோஷ் டேவிஸ், 'டிஜே ஷாடோ' என்ற பெயரில் 'எண்ட்ரொட்யூஸிங்' என்ற தமது முதல் தனித் தொகுப்பை வெளியிட்டார். அது ஏறக்குறைய முழுவதும் பிறருடைய பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த துணுக்குகளால் ஆனது. கடைகளில் விலை போகாமல் தூசி படிந்து கிடந்த தட்டுகளைக் கிளறியெடுத்து, இங்கே ஒரு தாளம், அங்கே ஒரு பியானோ என்று கோத்துச் செய்தார். பின்னால் நிற்கும் வேலைக்காரர் முன்னால் வந்து, வார்த்தையின் துணையில்லாமல் நிற்க முடியும் என்பதை அத்துறையில் அது நிலைநாட்டியது. பண்ணைப்புரத்துக்காரர் வேறொரு துறையில், வேறொரு முறையில், பத்து வருஷத்துக்கு முன்பே அதைச் செய்திருந்தார்.

பள்ளத்தாக்கின் சங்கீதமும் திரும்ப அந்தத் தேசத்துக்குப் போயிருக்கிறது. 'பிளாக் ஐட் பீஸ்' என்ற அமெரிக்கக் குழுவினர் 2003ல் வெளியிட்ட 'எலஃபங்க்' தொகுப்பில், 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்துப் பாட்டு ஒன்றின் துணுக்கைக் கையாண்டார்கள். ஈழத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த லண்டன் பாடகி எம்.ஐ.ஏ., 2007ல் வெளிவந்த 'கலா' என்னும் தொகுப்பில் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து எடுத்துக் கொண்டார். பாக்கிடமிருந்து பண்ணைப்புரத்துக்குக் கடன். பண்ணைப்புரத்திடமிருந்து லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கடன்.

ஆனால் கடன் என்றால் கணக்கு உண்டு. நமது தேசத்துச் சட்டப்படி, ஆக்கியவர் காலமாகி 60 வருஷம் வரையில் அவருடைய ஆக்கத்துக்கு உரிமை உண்டு. பாக் காலமாகி 236 வருஷம் கழித்து அவரை வீட்டுக்கு அழைத்தவரிடம் யாரும் ரசீது கேட்க முடியாது. இன்று உயிரோடிருப்பவரின் ஆக்கம் அப்படியல்ல. 'குணா' படத்துப் பாட்டைக் கையாண்டதற்காக 2024 மே மாதத்தில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படத்தினருக்கு இளையராஜாவின் சார்பில் வக்கீல் நோட்டீஸ் போயிற்று. இதைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. வாங்கத் தெரிந்தவர் கொடுக்க மறுக்கலாமா என்பது ஒன்று. உழைத்தவன் கூலி கேட்பதில் என்ன பிழை என்பது மற்றொன்று. ஏலக்காய் எடுக்கிறவர்களும் திராட்சை பறிக்கிறவர்களும் நிறைந்த இந்தப் பள்ளத்தாக்கில் பாடம் சொல்லிக் கொடுக்கும் நாம் இரண்டாவது பக்ஷத்தைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அப்பத்தாவின் ஒப்பாரிக்கோ எந்த அலுவலகத்திலும் பத்திரம் இல்லை; வக்கீலும் இல்லை. மகள் ஒருத்தி இருந்தார். அவர் நம் வாசலுக்கு வந்து நின்றார்.

மூச்சு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையையும் மருமகனையும் நமது வீட்டுக்கு வரச் சொன்னோம். முதலில் நாம் ஒரு சிறு பிரசங்கம் செய்தோம். எடுத்துக் கொள்வது பிழையல்ல. யாரிடமிருந்து எடுத்தோம் என்பதை மறைப்பதுதான் பிழை என்றோம். பண்ணைப்புரத்துக்காரர் தம் முதல் தொகுப்பிலேயே பாக்கின் பெயரையும் தியாகராஜரின் பெயரையும் போட்டார் என்றோம். பெயரிடத் தெரியவில்லை என்று சொன்னவர், கடன்பட்ட இடத்தை மட்டும் பெயரிட்டுச் சொல்லிவிட்டாரே என்றோம். உபாத்தியாயர்கள் பிரசங்கம் செய்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. இருவரும் மரியாதையாகக் கேட்டுக் கொண்டார்கள்; ஒருவரும் மாறவில்லை.

"சரி, போடுடா. முழுசாக் கேப்போம்" என்றார் அத்தை.

"வீட்டுக்குள்ளயா அத்தை?" என்று தயங்கினான் அவன். அப்போதுதான் நமக்கும் உறைத்தது. எழுந்து மூவரும் கொல்லைப் புறத்தில் வேப்ப மரத்தடிக்குப் போனோம். நமது மனைவி நாற்காலி கொண்டு வந்து போட்டாள். அத்தை அதில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக் கொண்டார்.

உறுமி தொடங்கியது. தவில் சேர்ந்தது. அப்பத்தாவின் பாதி வரி வந்தது. மறுபடி வந்தது. மூன்றாம் தடவை வந்தபோது அத்தை கையை உயர்த்தினார்.

"அந்த எடத்துல ஆத்தா மூச்சு இழுக்கும். அத எங்கடா?"

"அது இரைச்சல்னு வெட்டிட்டேன், அத்தை. அதோட வச்சா தாளத்துக்குள்ள அடங்காது."

"இரைச்சலா? அழுகையில பாதி மூச்சுதான்டா. ஏங்காம யார்ரா அழுவா? அத வெட்டிட்டு வச்சா, அது எங்க ஆத்தா இல்ல. வேற யாரோ."

பையன் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "சரி, அத்தை" என்று மட்டும் சொன்னான்.

இரண்டு வாரம் கழித்து அவன் மறுபடி நம்மை அழைத்துக் கேட்கச் செய்தான். வெட்டிய மூச்சை எடுத்த இடத்திலேயே வைத்திருந்தான். அதனால் எட்டு எண்ணிக்கையில் அடங்கியிருந்த தாளம் அடங்காமல் போய், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மூச்சின் நீளம் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தில் தவில் வாசிப்பதில்லை. உறுமி காத்து நிற்கிறது. கிழவி மூச்சு வாங்கியதும் மறுபடி தொடங்குகிறது. முன்பு நன்றாயிருக்கிறது என்று மட்டும் தோன்றியது. இப்போது கேட்டு முடித்ததும் நமக்குப் பேச்சு வரவில்லை. சங்கீத ஞானத்தில் நாம் கடைசி பெஞ்சு. எனினும், அடங்காத ஒன்றுக்கு இடம் விட்டால் தாளம் கெடுவதில்லை என்பது அந்த மூச்சைக் கேட்டதும் விளங்கிற்று. அசைகிற ஸ்வரத்துக்கும் அசையாத அடுக்குக்கும் இடையே 1986ல் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

வீட்டுக்குள் ஒப்பாரி கூடாதே, கேட்பவர்கள் அவரவர் வீட்டுக்குள்தானே கேட்பார்கள் என்ற சங்கடத்தையும் நாம் எழுப்பினோம். அதற்கும் அவன் வழி கண்டிருந்தான். உருப்படியின் முதலில் ஒரு நிமிஷம் வாய்க்கால் தண்ணீரின் சப்தம் மட்டும் ஓடுகிறது. அப்பத்தாவைப் பதிந்த அன்றைக்கு அதே கைப்பேசியில் விழுந்த சப்தம். "கேக்குறவங்களையும் முதல்ல கரைக்குக் கூட்டிட்டுப் போயிரலாம், ஸார்" என்றான். தணிக்கை செய்ய வந்த நமக்குத் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இளையராஜா 2025ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் தேதி லண்டனில் தமது 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார். அச்செய்தியை நமது பள்ளியில் காலை வழிபாட்டின்போது வாசித்தோம். பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தக் கை தட்டலில் நமக்கும் பெருமைதான். ஆயினும், அவர் லண்டனுக்குப் போனதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி, பாக்கை வீட்டுக்கு அழைத்து உட்கார வைத்துப் பேசியதைச் சொல்லாமல் விட்டால் பாடம் பாதிதான். பெஞ்சில் தாளம் போடுகிற பிள்ளைகளை வெளியே நிறுத்துமுன் உபாத்தியாயர்கள் சற்று யோசிப்பதும் நல்லது. இது நமக்கு நாமே சொல்லிக் கொள்வது.

அத்தை அந்த உருப்படியை நன்றாயிருக்கிறது என்று இது வரையில் சொல்லவில்லை. ஆனால் சென்ற வாரம் தோட்டத்து ஜீப்பில் போகும்போது, உடன் வரும் பெண்களுக்குக் கைப்பேசியில் போட்டுக் காட்டினாராம். ஜீப்பு வீடல்லவே!

தொகுப்பின் மேலட்டையில் அப்பத்தாவின் பெயர் முதலில் வரும் என்று முடிவாகியிருக்கிறது. பேரனின் பெயர் அதன் கீழே, சிறிய எழுத்தில். தொகுப்புக்கு மட்டும் பெயர் இன்னும் அகப்படவில்லை. அகப்பட்டதும் வாசகர்களுக்குத் தெரிவிப்போம்.